ஏழாவது விதி

அந்தச் செவப்புப் பையில இருக்கிறது ஸ்பீக்கர்தானே தம்பி? இல்லைன்னு சொல்லாதீங்க. பையை எறக்குற தினுசுலயே கண்டுபிடிச்சிருவேன். துணிப் பையைத் தொப்புன்னு போடுவாங்க, ஸ்பீக்கர் இருக்கிற பையைப் பச்சைப்பிள்ளை மாதிரி எறக்குவாங்க. குடுங்க இங்க. பயப்படாதீங்க, திங்கட்கிழமை கிளம்பும்போது தூசி தட்டித் திருப்பிக் குடுத்துருவேன். இந்த அலமாரில ஏற்கனவே மூணு கிடக்கு, மறந்துட்டுப் போனவன்லாம் கேட்டு ஒரு கடுதாசி போடலை.

வீட்டம்மா உள்ள படுக்கட்டும். பதினேழு கொண்டை ஊசி வளைவு, யாருக்கும் வயித்தைப் பிரட்டத்தான் செய்யும். எலுமிச்சம்பழம் மேசை மேல வச்சிருக்கேன். நீங்க உக்காருங்க.

போர்டைப் படிச்சீங்களா? அட, முழுசாப் படிச்சிட்டீங்களா! பரவாயில்லையே. மத்தவன்லாம் அதுக்கு முன்னாடி நின்னு செல்ஃபி எடுப்பான். 'அமைதி காக்கவும்'ங்கிற எழுத்துக்குப் பக்கத்துல வாயில விரலை வச்சுக்கிட்டு ஒரு போஸ். அரை மணி நேரம் கழிச்சு அதே வாயில ரெண்டு விரலை விட்டு விசில் அடிப்பான். படிச்சவன், நல்ல வேலையில இருக்கிறவன். அதுகளை எல்லாம் பெத்தவங்களைச் சொல்லணும்.

ஏழாவது விதி மேல ஏன் தார் பூசியிருக்குன்னா கேக்குறீங்க? படிக்கிறவன்தான் கேப்பான். சரி, சொல்றேன். அந்தத் தாரைப் பூசினது என் வீட்டுக்காரி.

நான் திருச்சி கோர்ட்ல முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன். ஹெட் கிளார்க் தணிகாசலம்னா வக்கீல் குமாஸ்தாக்களுக்கு உதறும். மனுவுல ஒரு வரி கோணலா இருந்தாத் திருப்பி அனுப்பிருவேன். டவாலி கத்துற சத்தம், வக்கீல் கத்துற சத்தம், ஜன்னலுக்கு வெளிய பஸ்காரன் ஹாரன் சத்தம், இதையே முப்பத்திரண்டு வருஷம் கேட்டேன். ரிட்டையர் ஆனா ஒரு பொட்டுச் சத்தம் இல்லாத இடத்துல போய் உக்காரணும்னு வைராக்கியம். இந்த நாவலூத்துல இடம் வாங்கி, வீட்டைக் கட்டி, ரெண்டு ரூமை வாடகைக்கு விட்டேன். இந்த மலையில முதல் ஹோம்ஸ்டே நம்மளுதுதான். 'மோனம்'னு பேர் வச்சேன். மங்கையர்க்கரசிக்கு, அதான் என் வீட்டுக்காரி, அவளுக்கு இங்க வர இஷ்டமில்லை. ஆனா அவ சொல்ல மாட்டா. முப்பத்தாறு வருஷத்துல அவ குரல் உசத்தி நான் கேட்டதில்லை. தெருவுல போற கீரைக்காரியைக் கூப்பிடக்கூட என்னைத்தான் வாசலுக்கு அனுப்புவா. அப்படி ஒரு பொம்பளை.

ரெண்டாவது வருஷம் பிடிச்சுது சனியன். மதுரையில டைல்ஸ் கடை வச்சிருக்கிற ஒருத்தன் மேல வந்து, நாலு தகரக் கொட்டகையைப் போட்டு 'ஜாலி ஹட்ஸ்'னு பேர் எழுதினான். பேரைப் பாருங்க, பேரை. சனிக்கிழமை ஆனா வேன் வேனா வந்து எறங்குவானுங்க. நிம்மதி வேணும்னு லீவு எழுதிக் குடுத்துட்டு வர்றவன், வந்த கையோட பிளக் பாயிண்ட் எங்கன்னு தேடுவான். ஆள் உசரத்துக்கு ஸ்பீக்கர். ஒருத்தன் ஆட, பத்துப் பேர் ஊளையிட, நம்ம அடுப்படியில டம்ளர் தானா நகரும். மலைக்கு வந்திருக்கோமே, அந்த மலையை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்போமேன்னு ஒருத்தனுக்குத் தோணாது. தூ!

ஊர்க்காரங்களுக்கும் தொந்தரவுதான். ஆனா அவங்க வாயைத் திறக்கலை. பஞ்சாயத்துத் தலைவர் பவுன்ராஜ் வீட்டுப் பசு, கன்னு போட்டிருந்த பசு, மிரண்டு போய் மூணு நாளாப் பால் விடலை. அப்பத்தான் தலைவருக்கு ஞானம் வந்துச்சு. வேட்டியை எறக்கி விட்டுக்கிட்டு வந்து, "சார், நீங்க கோர்ட்ல இருந்தவுக. ஏதாச்சும் எழுதிக் குடுங்க"ன்னார்.

எழுதினேன். பத்து நாள் உக்காந்து எழுதினேன். சுற்றுலா வாடகை வீடுகளுக்கான சத்தக் கட்டுப்பாட்டு விதிகள், மொத்தம் பதினொண்ணு. ஒலிபெருக்கி கூடாது. ஆறு மணிக்கு மேல வெட்டவெளியில பாட்டு கூடாது. தங்குறவன் பண்ற அட்டகாசத்துக்கு வீட்டுக்காரன்தான் பொறுப்பு. அளவு, ஐம்பத்தஞ்சு டெசிபல். டெசிபல்னா என்னன்னு பவுன்ராஜ் கேட்டார். சத்தத்தோட எடைன்னு சொல்லி வச்சேன், அதுக்கு மேல அவருக்குத் தாங்காது. இதோ, என் போன்லயே அளக்கலாம். பாருங்க, நீங்க பேசுறது ஐம்பது. நான் பேசுறது அறுபத்தி மூணு. அது கோர்ட் பழக்கம், அதைக் கணக்குல எடுக்கக் கூடாது.

இப்ப ஏழாவதுக்கு வர்றேன்.

இங்க தங்கிட்டுப் போறவங்க நெட்ல எழுதுவாங்களே, ரிவ்யூ, அதைப் படிச்சா மனுஷ ஜாதி மேலயே வெறுப்பு வரும். ஒருத்தி எழுதியிருக்கா, 'தவளைச் சத்தம் அதிகம்'னு. தவளை! நான் என்னம்மா பண்ணட்டும், தவளைக்கு நோட்டீஸ் விடவா? இன்னொருத்தன், மூங்கில் உரசுதாம். சரி, போய்த் தொலைங்கன்னு விட்டேன். ஆனா அஞ்சாறு பேர் ஒரே மாதிரி எழுத ஆரம்பிச்சாங்க. 'தினமும் சாயங்காலம் மேலே ஒரு பெண் பயங்கரமாகக் கூச்சலிடுகிறார். வந்த நோக்கமே கெட்டது. மூன்று நட்சத்திரம்.' நாலே முக்கால்ல இருந்த வீடு தம்பி, நாலே காலுக்கு எறங்கிருச்சு.

அந்தக் கூச்சல் என்னன்னா, இங்க காட்டுமாடு உண்டு. கறுப்பா, முழங்காலுக்குக் கீழ மட்டும் வெள்ளையா, நீங்க வந்த கார் உசரத்துக்கு இருக்கும். மேல தண்ணி கம்மி, அதனால சாயங்காலமானா ஊத்துக்கு எறங்கும். ஊர் ஜனமும் அதே ஒத்தையடிப் பாதையிலதான் ஊத்துக்குப் போகணும். அதனால மேல இருக்கிறவங்க யார் பார்த்தாலும் குரல் குடுப்பாங்க. "மாடு எறங்குதேய்!"னு. கீழ் வீட்டுல கேட்டவங்க, "கேட்டுச்சேய்!"னு பதில் குடுத்துட்டு, அதுக்குக் கீழ இருக்கிறவங்களுக்குக் கத்துவாங்க. பதில் வர்ற வரைக்கும் மேல இருக்கிறவ நிறுத்த மாட்டா. இப்படிச் சரிவு சரிவா ஊர் முழுக்கக் காட்டுக் கத்தல். போன் பண்ணலாமேன்னு கேப்பீங்க. சிக்னல் கிடையாது. சிக்னல் இல்லைங்கிறதுதானே நம்ம வீட்டோட சிறப்பு, விளம்பரத்துலயே போட்டிருக்கேனே.

அந்தப் பாறை தெரியுதா, காபிச் செடிக்கு மேல, நெத்தி மாதிரி துருத்திக்கிட்டு? அதை ஒட்டின வீடுதான் குருவம்மா வீடு. தனி ஆள். மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். அங்க நின்னா ஊத்துப் பாதை முழுசும் தெரியும், அதனால முக்காவாசி நாள் அவதான் கத்துறது. தொண்டையா அது! இதே நாற்காலில உக்காந்து அளந்தேன், எழுபத்தெட்டு.

அதுக்குத்தான் ஏழாவது விதி. 'மேற்படி வாடகை வீடுகளின் எல்லையிலிருந்து முந்நூறு மீட்டருக்குள் குடியிருப்போரும் மேற்கண்ட அளவை மீறிக் குரல் எழுப்பலாகாது.' அழகான வாக்கியம். கிராம சபையில நான்தான் வாசிச்சேன். ஜாலி ஹட்ஸ் பேரைச் சொன்னதும் ஜனம் கை தட்டுச்சு. ஏழாவதைக் கொஞ்சம் வேகமா வாசிச்சேன், ஒத்துக்கிறேன். வேகமா வாசிக்கக் கூடாதுன்னு சட்டம் இல்லையே. எல்லாரும் கையைத் தூக்கினாங்க. குருவம்மா முதல் வரிசையில உக்காந்து ரெண்டு கையையும் தூக்கினா. என்னன்னு புரிஞ்சா தூக்கினா? பக்கத்துல உள்ளவ தூக்கினா, இவளும் தூக்கினா. இதுதான் இந்த ஊர். மங்கை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தா.

விதி நல்லா வேலை செஞ்சுது. ஜாலி ஹட்ஸ்காரன் மூணே மாசத்துல கொட்டகையைப் பிரிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டான். பவுன்ராஜ் வீட்டுப் பசு பால் விட்டுச்சு. இந்தக் குருவம்மா மட்டும் கத்திக்கிட்டே இருந்தா. பஞ்சாயத்துல ஒரு மனு குடுத்தேன், அசையலை. போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு மனு குடுத்தேன். ஒரு ஏட்டய்யா வந்து அவ வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போனார்.

மறுநாள் அவ இங்க வந்தா. அந்தக் கடைசிப் படியில நின்னா, மேல ஏறலை. "அய்யா, நான் பாட்டா படிக்கேன்? மாடு எறங்குனா கத்தாம எப்பிடிய்யா சொல்லுறது?"ன்னா.

நான் கோபப்படலை. பொறுமையாத்தான் சொன்னேன். "மனுஷங்க மாதிரி நேர்ல போய்ச் சொல்லு. பக்கத்துல போய் நின்னு, மெதுவாச் சொல்லு. கால் இருக்குல்ல?"ன்னேன். மங்கை உள்ளருந்து மோர் கொண்டு வந்து குடுத்தா, குடிச்சா. "சரிங்கய்யா"ன்னுட்டுப் போயிட்டா. ஒரு விஷயத்தைச் சொல்ற விதத்துல சொன்னா எவளுக்கும் புரியும், அதுதான் நான் கண்டது.

அன்னையிலருந்து சத்தம் கிடையாது. அவ நிறுத்தினதும் கீழ பதில் குடுக்கிறவங்களும் நிறுத்திட்டாங்க. சாயங்காலத்துல போன் மீட்டர் முப்பத்தொண்ணு காட்டும். ஒருத்தர் எழுதினார், 'இங்கே அமைதியைக் கையால் தொடலாம்'னு. அஞ்சு நட்சத்திரம்.

போன சித்திரை. மணி அஞ்சரை இருக்கும். நான் இங்க உக்காந்து ஒரு டாக்டருக்கு மீட்டரைக் காட்டிக்கிட்டிருக்கேன். மங்கை ஊத்தோரமா வல்லாரை பறிக்கப் போயிருந்தா. திடீர்னு மேலருந்து இந்தக் குருவம்மா ஓடி வர்றா. பாதையில இல்லை, குறுக்க, நம்ம வேலியைத் தாண்டி, நம்ம ரோஜாச் செடிக்கு நடுவுல! எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "ஏய்! யாருடி உன்னை உள்ள விட்டது?"ன்னு கத்தினேன். கையில மீட்டர் இருந்துச்சு, தொண்ணூறு காட்டுச்சு. அந்த வருஷத்துலயே அதுதான் அதிகம்.

அவ நிக்கலை. பதில்கூடச் சொல்லலை. கீழ கையைக் காட்டிட்டு ஓடுறா. திமிரைப் பாருங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னேன்.

கீழ என்ன ஆச்சுன்னா, கன்னோட ஒரு மாடு எறங்கியிருக்கு. மங்கை குனிஞ்சு கீரை பறிச்சுக்கிட்டிருக்கா, கன்னுக்கும் அவளுக்கும் நாலு எட்டு. குருவம்மா போய் இவளை அப்படியே காபிச் செடிக்குள்ள தள்ளி விட்டிருக்கா. தாய் மாடு குருவம்மாவைத் தூக்கிப் போட்டுருச்சு. விலா எலும்பு நாலு. ஒண்ணு நுரையீரல்ல குத்திருச்சு. மங்கைக்கு முழங்கையில சிராய்ப்பு, அவ்வளவுதான்.

இப்ப நீங்களே சொல்லுங்க தம்பி. நீங்க படிச்சவர். மேல பாறையில நிக்கிறா. மாட்டைப் பார்க்குறா. கீழ மங்கை நிக்கிறதும் தெரியுது. ஒரு சத்தம் குடுத்தா என்ன? ஒரே ஒரு சத்தம்! மங்கை ஒதுங்கியிருப்பா, இவ விலா எலும்பும் தப்பிச்சிருக்கும். அதை விட்டுட்டு அவ்வளவு தூரம் ஓடி வர்றாளே, இதை என்னன்னு சொல்றது? எங்க கத்தணும், எங்க கத்தக் கூடாதுங்கிற பகுத்தறிவு வேணாம்? அதான் இந்த ஜனம். ஒண்ணு, காதைக் கிழிக்கும். இல்லைன்னா வாயைத் தைச்சுக்கும்.

என்ன, அந்தப் பாறையையே பார்க்குறீங்க?

ஆஸ்பத்திரிக்குப் போகலையான்னு நினைக்காதீங்க. போனேன். ஆரஞ்சு, பிஸ்கட்டு, எல்லாம் வாங்கிட்டுப் போனேன். மங்கை ஏற்கனவே அங்கதான் கிடையா கிடந்தா. என்னைப் பார்த்ததும் குருவம்மா எந்திரிக்கப் பார்த்தா. என்னமோ சொன்னா, காத்துதான் வருது, குரல் வரலை. குனிஞ்சு காதைக் குடுத்தேன். "மன்னிச்சுக்குங்கய்யா, செடியை மிதிச்சுட்டேன்"ங்கிறா. நான் "பரவாயில்லை, விடு"ன்னேன். பெருந்தன்மையாத்தான் சொன்னேன். மங்கை அப்ப என்னை ஒரு பார்வை பார்த்தா. அதுக்கப்புறம் என்கிட்ட பேசலை.

கோபம்னு நினைச்சீங்களா? சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லையே. பதினோரு மாசம் ஆச்சு, ஒரு வார்த்தை கிடையாது. சோறு போடுவா, உப்பு காரம் எல்லாம் சரியா இருக்கும், பேச்சு மட்டும் கிடையாது. உங்ககிட்ட பேசுவா, உங்க வீட்டம்மாகிட்ட உக்காந்து கதையே பேசுவா. நான் வந்தா முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவா. அமைதியா இருக்கணும்னு ஆசைப்பட்டேன்ல, இருக்கு.

குருவம்மா ஆஸ்பத்திரியிலருந்து வீட்டுக்கு வந்த அன்னைக்குத்தான் இந்தத் தார் பூசினது. ரோடு போடுறவங்ககிட்ட ஒரு கொட்டாங்கச்சியில வாங்கிட்டு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, நான் பார்க்கப் பார்க்கப் பூசினா. பஞ்சாயத்துத் தீர்மானத்தை அழிக்கிறது குற்றம்னு எடுத்துச் சொன்னேன். ஸ்டூலை விட்டு எறங்கி, கையைச் சீயக்காய் போட்டுக் கழுவிட்டு, மேல பாறைக்குப் போயிட்டா.

போய் என்ன பண்ணினாங்கிறீங்க? கத்தினா. என் வீட்டுக்காரி! கீரைக்காரியைக் கூப்பிடாதவ!

நுரையீரல் அடிபட்டதுல குருவம்மாவுக்கு இனிமே குரல் வராது, ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிட்டார். பேசினா பலூன்ல காத்து எறங்குற மாதிரி இருக்கும். அதனால அவ பாறையில உக்காந்து மாடு வர்ற திக்கைக் கை காட்டுவா, இவ நின்னு கத்துவா. தினம் சாயங்காலம். முதல் நாள் நாப்பத்தி மூணு. பூனை கத்தின மாதிரி இருந்துச்சு, எனக்குச் சிரிப்பு வந்துச்சு. கீழ ஒருத்தனும் பதில் குடுக்கலை. விதி பயம். இவ விடலை. நாலாவது நாள் கீழ் வீட்டுலருந்து ஒரு குரல் வந்துச்சு, "கேட்டுச்சேய்!"னு. இப்ப நாலு வீட்டுலருந்து பதில் வருது. ஐம்பத்தி ரெண்டு, ஐம்பத்தொன்பதுன்னு ஏறி, போன வாரம் அறுபத்தி நாலு. தினமும் அளக்குறேன். அளக்காம எப்படி? விதி மீறல்னு ஒண்ணு இருக்குல்ல.

நானும் ஒரு நாள் கத்திப் பார்த்தேன். மங்கை மருந்து வாங்க வத்தலக்குண்டு போயிருந்தா, மாடு எறங்குறது என் கண்ணுலயே பட்டுச்சு. சுவரோரம் நின்னு கத்தினேன், தொண்ணூறு இருக்கும். கீழ படார் படார்னு கதவைச் சாத்திக்கிட்டானுங்க. என்னமோ திட்டுறேன்னு நினைச்சிருக்கானுங்க. நன்றி கெட்ட ஊர். இவனுங்களுக்குப் போய் விதி எழுதிக் குடுத்தேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்.

மணி என்ன? அஞ்சே முக்கால். இப்பக் கேக்கும் பாருங்க. கத்தினா பயந்துராதீங்க, ரிவ்யூல எழுதிராதீங்க.

அதோ. கேட்டுதா? கேக்கலையா உங்களுக்கு? இருங்க, மீட்டரைப் பார்க்குறேன். ஐம்பத்தொண்ணு.

என்னது இது, ஐம்பத்தொண்ணு? விதிக்கு உள்ள இருக்கு, ஆட்சேபணை பண்ண முடியாது. ரெண்டு நாளா இருமிக்கிட்டேதான் இருந்தா. சுக்குக் காபி போட்டு ஃப்ளாஸ்க்ல ஊத்தி வச்சேன். திறந்துகூடப் பார்க்கலை, அப்படியே ஆறிக் கிடக்கு. தொண்டை கட்டியிருக்கு, கத்தாதேன்னு சொன்னாக் கேக்குற ஆளா? நான் சொன்னா எப்படிக் கேப்பா?

மறுபடியும் கூப்பிடுறா. நாப்பத்தி ஏழு.

கீழருந்து பதில் வரலை தம்பி. இது எங்க கீழ் வீடு வரைக்கும் போகும், இந்த வாசலோட நின்னுரும். பதில் வரலைன்னா ஒருத்தருக்கும் தெரியலைன்னு அர்த்தம். பவுன்ராஜ் மருமக இந்நேரத்துக்குத்தான் குடத்தோட வருவா. அங்க பாருங்க, பாறைக்கு இந்தப் பக்கம், மங்கை சேலையைத் தூக்கிச் செருகுறா. பார்த்தீங்களா? எறங்கி ஓடப் போறா. பதில் வரலைன்னா எறங்கி ஓடித்தான் போவா. ஐயோ, முழங்கால் ரெண்டும் தேஞ்சு போனவ தம்பி, அறுபத்தொரு வயசு.

எந்திரிங்க. எந்திரிங்க தம்பி! அந்தச் சுவரோரம் போய் நில்லுங்க, கீழ பார்த்து. நான் கத்தினாக் கதவைச் சாத்திக்குவானுங்க, உங்க குரல் அவங்களுக்குத் தெரியாது. கையைக் குவிச்சு வாய்கிட்ட வையுங்க. 'மாடு எறங்குதேய்', அவ்வளவுதான். வெக்கப்படாதீங்க, கத்துங்க.

பத்தாது. பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கலை. போர்டை எதுக்கு இப்பத் திரும்பிப் பார்க்குறீங்க, கீழ பாருங்க. இன்னும் சத்தமா. இன்னும் சத்தமா, தம்பி!